உங்களுக்குத் தெரியுமா? வேலியோர ஆடாதோடை

இருமலுக்கு டாக்டர் எழுதித்தரும் ப்ரோம்ஹெக்சின் மருந்துக்கு மூலம் நம் ஊர் வேலிச்செடிதான். ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற காரப்பொருளை ஆராய்ந்து, அதன் அமைப்பை ஒட்டியே 1960களில் அந்த மருந்தை உருவாக்கினார்கள். இறுகிய சளியை இளக்கி வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சித்த மருத்துவமோ இந்த இலையை நெடுங்காலமாக இருமலுக்கும் இரைப்புக்கும் கொடுத்து வருகிறது. ஆடாதோடை மணப்பாகு இன்றும் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும்.

மாவிலை போல நீண்ட இலை, ஆள் உயரத்துக்கும் மேலான புதர். வெள்ளைப் பூவின் கீழிதழில் ஊதா வரிகள் ஓடும். ஓர் இலையைக் கிள்ளி மென்றால் கசப்பு நாக்கை விட்டு லேசில் போகாது. ஆடு மாடுகூட இதில் வாய் வைக்காது; வேலிக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

பாகிஸ்தான், நேபாளம் தொடங்கி இந்தியா முழுக்க, இலங்கை வரை இது தானாக வளர்கிறது. இமயமலை அடிவாரத்தில் சுமார் 1,300 மீட்டர் உயரம் வரை பார்க்கலாம். தரிசு, சாலையோரம், ஆற்றங்கரை என்று மண் பார்ப்பதில்லை. கிளையை ஒடித்து நட்டாலே துளிர்க்கும். வயலுக்குத் தழையுரமாகவும் மிதிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையுள்ளது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே குடியுங்கள்.