பிணை இடர் மதிப்பீடு

பிணை இடர் மதிப்பீடு என்பது, கைது செய்யப்பட்ட ஒருவரை வழக்கு விசாரணை முடியும் வரை வெளியே விடலாமா என முடிவு செய்ய நீதிபதிக்கு உதவும் புள்ளியியல் முறை ஆகும். விடுவிக்கப்படுபவர் நீதிமன்றத்துக்கு வரத் தவறுவாரா, புதிய குற்றம் புரிவாரா ஆகிய இரு கேள்விகளுக்கு இது எண் வடிவில் விடை தர முயல்கிறது. இது ஐக்கிய அமெரிக்காவில் பல மாநிலங்களில் பயன்படுகிறது. பிணைப் பணம் கட்ட இயலாத ஏழைகள், குற்றம் நிரூபிக்கப்படாமலேயே சிறையில் இருக்க நேர்வதே இம்முறை தோன்ற முதன்மைக் காரணம் ஆகும்.

வரலாறு

1961 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வேரா அறக்கட்டளை மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைத் தொடங்கியது. கைதானவரின் வசிப்பிடம், குடும்பத் தொடர்பு, வேலை, முந்தைய குற்றப் பதிவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இடப்பட்டன. போதிய புள்ளிகள் பெற்றோரைப் பணமின்றி, சொந்த உறுதிமொழியின் பேரில் விடுவிக்கப் பரிந்துரைக்கப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தவறாமல் நீதிமன்றத்துக்குத் திரும்பினர். இவ்வனுபவம் 1966 ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிணைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1984 ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரால் சமூகத்துக்கு நேரக்கூடிய ஆபத்தைக் காரணம் காட்டியும் பிணை மறுக்க இடமளித்தது. இதனை உச்ச நீதிமன்றம் 1987 இல் ஏற்றுக்கொண்டது.

செயற்படும் முறை

பரவலாக அறியப்பட்ட கருவிகளுள் ஒன்று பொதுப் பாதுகாப்பு மதிப்பீடு. 2013 இல் கென்டக்கி மாநிலம் இதனை ஏற்றது. 2017 சனவரி 1 முதல் நியூ செர்சி மாநிலமும், பணப் பிணையைப் பெருமளவு கைவிட்டு, இதனைப் பயன்படுத்துகிறது. வயது, நிலுவையிலுள்ள வழக்கு, முந்தைய தண்டனைகள், நீதிமன்றத்துக்கு வரத் தவறிய பதிவு முதலிய 9 காரணிகளை இது கணக்கில் கொள்கிறது. இனம், பால், வருமானம் ஆகியவை சேர்க்கப்படுவதில்லை. நீதிமன்றத்துக்கு வரத் தவறுதல், புதிய குற்றம் புரிதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் கிடைக்கும். 6 என்பது மிகுந்த இடரைக் குறிக்கும். இறுதி முடிவு நீதிபதியுடையதே.

விமர்சனங்கள்

2016 இல் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம், புளோரிடாவின் புரோவார்ட் கவுண்டியில் பயன்பட்ட கொம்பாசு என்னும் கருவியை ஆராய்ந்தது. பின்னர் குற்றம் புரியாதோருள், இடர் மிகுந்தோர் எனத் தவறாக வகைப்படுத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 45 விழுக்காடாகவும் வெள்ளையரில் 23 விழுக்காடாகவும் இருந்தனர். ஒரே மதிப்பெண் பெற்றோர் எவ்வினத்தவராயினும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மீண்டும் குற்றம் புரிகின்றனர் என்பது கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் மறுமொழி. இரு குழுக்களின் மறுகுற்ற விகிதங்கள் வேறுபடும்போது, இவ்விரு வகை நேர்மையையும் ஒருங்கே அடைய இயலாது எனக் கணித அடிப்படையில் பின்னர் நிறுவப்பட்டது. மேலும், இக்கருவிகள் கைது, தண்டனைப் பதிவுகளையே சார்ந்துள்ளன. ஆகவே காவல்துறையின் பாகுபாடு, இனம் குறிப்பிடப்படாவிடினும், மதிப்பெண்ணுள் நுழையக்கூடும்.

2020 நவம்பரில், பணப் பிணைக்குப் பதிலாக இடர் மதிப்பீட்டைக் கொண்டுவரும் சட்டத்தைக் கலிபோர்னியா வாக்காளர்கள் நிராகரித்தனர். 2023 செப்டம்பரில் பணப் பிணையை முற்றாக ஒழித்த இலினொய் மாநிலம், இடர் மதிப்பீட்டை மட்டுமே காரணமாகக் கொண்டு விடுவிப்பை மறுக்கலாகாது என விதித்துள்ளது.