கல்லூரி மாணவர் மன்றங்கள்: கல்வியும் தொண்டும்

முன்னுரை

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தெம்பனிஸ் நகரில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தெம்பனிஸ் தொடக்கக் கல்லூரி, 2019இல் மெரிடியன் தொடக்கக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டுப் பாசிர் ரிஸ் வளாகத்திற்குச் சென்றது. பிறப்பு விகிதம் குறைந்து மாணவர் தொகை சுருங்கியமையால் அவ்வாண்டில் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காயின. பாடத்திட்டம் இவ்வகை மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். அது எங்கும் ஒன்றே. மாணவர் மன்றத்தின் நிலை அவ்வாறன்று. மூத்தோர் இளையோர்க்குக் கைமாற்றித் தரும் பழக்கத்தாலேயே அது வாழ்கிறது. தொடக்கக் கல்லூரியிலோ ஒரு மாணவர் இரண்டாண்டுகளே தங்குகிறார். எனவே, மன்றம் என்பது எதனால் நிலைபெறுகிறது என்னும் வினாவை ஆசிரியர்களாகிய நாம் எழுப்பவேண்டியுள்ளது. கல்லூரி மன்றங்களின் மரபு செழித்து வளர்ந்த கிறித்தவக் கல்லூரிகளின் வரலாற்றில் இதற்கு விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை மன்றங்கள்

கிறித்தவக் கல்லூரிகளில் தோன்றிய மாணவர் மன்றங்களை இருவகைப்படுத்தலாம். சொற்போர், இலக்கியம், மெய்யியல், அறிவியல் ஆகியவற்றை வளர்ப்பவை கல்வி மன்றங்கள்; அண்டை ஊர் மக்களுக்குப் பணி செய்பவை தொண்டு மன்றங்கள். முன்னது மாணவரின் நாவையும் சிந்தனையையும் பயிற்றுவது. பின்னது அவரைக் கல்லூரி மதிலுக்கு வெளியே அழைத்துச் செல்வது.

சிங்கப்பூரில் ஒரு கிறித்தவப் பள்ளியின் தோற்றமே ஒரு சொற்போர் மன்றத்தோடு தொடர்புடையது. பெங்களூரில் 1854இல் பிறந்து, இந்தியாவில் நில அளவைப் பணி புரிந்து, பின்னர்ச் சமயப் பணிக்கு வந்தவர் வில்லியம் ஓல்டம். 1885இல் சிங்கப்பூர் வந்த அவர், சீன வணிகர்கள் நடத்திவந்த சொற்போர்க் கழகம் ஒன்றில் வானியல் குறித்து உரையாற்றினார். அவ்வுரையால் ஏற்பட்ட நட்பே, 1886 மார்ச்சுத் திங்களில் அமோய் தெருக் கடைவீடு ஒன்றில் 13 மாணவர்களுடன் ஆங்கிலோ சீனப் பள்ளி தொடங்கத் துணைநின்றது. பள்ளியிலிருந்து மன்றம் பிறப்பதையே நாம் அறிவோம். இங்கு, மன்றத்தின் மேடை பள்ளிக்கு வழிகோலியது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தமிழும்

1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே வில்லியம் மில்லரின் காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்குத் தமிழ் பயிற்றிய வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் பரிதிமாற் கலைஞர் (1870–1903), தமிழார்வம் மிக்க மாணவர்களைத் தேர்ந்து, வகுப்பு நேரத்திற்கு அப்பால் தம் இல்லத்திலேயே பாடம் சொன்னார். அவர்களுக்கு 'இயற்றமிழ் மாணவர்' என்று பெயரும் சூட்டினார். அதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. இன்று நாம் மன்றம் என்று வழங்கும் அமைப்பின் உயிர்க்கூறுகள் அனைத்தும் அச்சிறு குழுவில் இருந்தன எனலாம்: விருப்பத்தால் சேர்தல், ஒரு பொதுப்பெயர், ஆசிரியரின் கூலியற்ற உழைப்பு.

1902இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சி எழுந்தபோது, அவர் எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளையுடன் இணைந்து அதனை எதிர்த்தார். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவிய அவரது 'தமிழ் மொழியின் வரலாறு' இக்காலப் பகுதியைச் சார்ந்ததே.

அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றியவர் மறைமலை அடிகள். முல்லைப்பாட்டுக்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரை 1903இல் வெளிவந்தது. அது அவர்தம் கல்லூரிப் பயிற்றலோடு தொடர்புடையது. பின்னர்ப் பல்கலைக்கழகப் பட்ட வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இராமற் போயிற்று. தமிழாசிரியர் பணியிடங்கள் குறைந்தன; அடிகளும் 1911இல் கல்லூரியை விட்டு நீங்கினார். இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்வமுள்ள மாணவர் குழு எத்துணைச் சிறந்ததாயினும், பாடத்திட்டத்தில் மொழிக்கு இடமில்லாதபோது அக்குழுவை நடத்தும் ஆசிரியரே இல்லாமற் போகிறார். மன்றம் பாடத்திற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

தொண்டு மன்றங்களின் நிலை

1937இல் இக்கல்லூரி நகர நடுவிலிருந்து தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. புதர்க்காடு சூழ்ந்த அப்பரந்த வளாகத்தைச் சுற்றிலும் அன்று சிற்றூர்களே இருந்தன. இடமாற்றம் மன்றங்களுக்கு ஒரு புதிய களத்தைத் தந்தது. மாணவர்களின் கிராமப்பணிக் கழகம் அண்டை ஊர்களைத் தன் பணிக்களமாகக் கொண்டது. வளாகக் காட்டைப் பேணுதற்கென்றே பிற்காலத்தில் மாணவர் கழகம் ஒன்றும் அமைந்தது. அயலில் எது இருக்கிறதோ அதிலிருந்தே மன்றம் தன் பணியைக் கண்டெடுக்கிறது என்பது இதனால் புலனாகும்.

பின்னர் அரசே தொண்டினைத் திட்டமாக்கியது. இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. சிங்கப்பூரில் 1997இல் பள்ளிகளுக்குச் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தது. இவற்றால் தொண்டு எல்லா மாணவர்க்கும் உரியதாயிற்று, இது பெரும்பேறு. ஆயினும், மணிக்கணக்கை நிறைவு செய்வதே தொண்டின் நோக்கமாகிவிடும் இடரும் உடன் வந்தது. பதிவேட்டில் எழுதப்படும் மணிகளால் ஒரு முதியவரின் தனிமை குறைந்ததா என்பதை அளந்தறிய இயலாது.

சிங்கப்பூர்த் தமிழ் மன்றங்களுக்கு

சிங்கப்பூருக்கும் தனக்கென ஒரு மன்ற மரபு உண்டு. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை அமைத்தார். இதழின் பக்கமாகத் தொடங்கிய அது மன்றங்களாகவும் கிளைத்து, எழுத்தாளர் பலர்க்கு நாற்றங்காலாயிற்று. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி அவர் நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டும் நினைக்கத்தக்கது. மன்றத்தையும் பாடத்தையும் ஒருசேரக் காத்தமையே அவர்தம் தொலைநோக்கு.

இன்றைய தேவை அதனினும் மிகுதி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் 2.5 விழுக்காட்டினரே இல்லத்தில் தமிழை மிகுதியாகப் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் கேளாத மாணவர்க்கு, தேர்வச்சமின்றித் தமிழ் பேசும் இடமாக எஞ்சுவது பெரும்பாலும் மன்றமே.

அவ்விடத்தில் நாம் செய்யத்தக்கது, கல்வி மன்றத்தையும் தொண்டு மன்றத்தையும் ஒன்றிணைப்பதாகும். விவாத மேடைக்கு மட்டும் மாணவரை ஆயத்தப்படுத்தாது, அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ் முதியோரிடம் அனுப்பலாம். அவர்கள் தோட்டப்புறங்களையும் துறைமுகப் பணியையும் பற்றிச் சொல்வனவற்றைக் கேட்டு எழுதச் செய்யலாம். முதியவர்க்குக் கேட்கும் செவி கிடைக்கும். மாணவர்க்குப் பாடநூலில் இல்லாத சொற்கள் கிடைக்கும். எழுதியவை கட்டுக்கோப்பாக அடுத்த அணியினர்க்குக் கைமாறின், வளாகம் மாறினும் மன்றத்தின் நினைவு அழியாது.

முடிவுரை

மன்றத்தை நிலைநிறுத்துவன மூன்று எனக் கண்டோம்: பாடத்திட்டத்தில் மொழிக்கு உறுதியான இடம், வகுப்பு நேரத்திற்கு அப்பாலும் மாணவரோடு அமரும் ஆசிரியர், அயலாரோடு உண்மையான உறவு. முதலாவது அரசும் சமூகமும் கூடிக் காக்கவேண்டியது. ஏனைய இரண்டும் நம் கையிலேயே உள்ளன.