பைல் இருக்கிறது, பிஎச்பி இல்லை என்கிறது!

வெப்சைட் உருவாக்கக் கற்றுக்கொள்பவர்களில் பலர் பிஎச்பி மொழியில்தான் தொடங்குகிறார்கள். ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் 1995-ல் வெளியிட்ட இம்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. ஸாம்ப் என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் அப்பாச்சி வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும். முதல் சில பக்கங்கள் பிரச்சினையின்றி ஓடும். ஒரு பைலை இன்னொரு பைலுக்குள் சேர்க்க முயலும்போதுதான் "நோ சச் பைல் ஆர் டைரக்டரி" என்ற மெசேஜ் திரையில் தோன்றும். அப்படி ஒரு பைலும் இல்லை, போல்டரும் இல்லை என்பது இதன் பொருள். ஆனால் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்த்தால் அந்த பைல் கண்ணெதிரே இருக்கும்!

உடனே ஸாம்ப்பை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. விண்டோஸையே மாற்றியவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. பெரும்பாலான சமயங்களில் தவறு முகவரியில் இருக்கிறது. என்னிடம் இந்தப் பிரச்சினையோடு வருபவர்களின் ஸ்கிரிப்டுகளை நான் எந்த வரிசையில் சோதிப்பேனோ அதே வரிசையில் இங்கு விளக்குகிறேன். கட்டளைகளையும் பைல் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், நீங்கள் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.

பாத் என்பது என்ன?

ஒரு பைல் எந்த டிரைவில், எந்த போல்டருக்குள் இருக்கிறது என்று சொல்லும் முகவரியே பாத். இதில் இரண்டு வகை உண்டு.

சி:\ஸாம்ப்\எச்டிடாக்ஸ்\கடை\ஹெடர்.பிஎச்பி என்று டிரைவிலிருந்து தொடங்கி எழுதுவது முழு பாத். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் எழுதிய தபால் முகவரி போன்றது. எங்கிருந்து அனுப்பினாலும் கடிதம் அதே வீட்டுக்குத்தான் போகும்.

வெறுமனே ஹெடர்.பிஎச்பி என்றோ, ../ஹெடர்.பிஎச்பி என்றோ எழுதுவது சார்பு பாத். "இங்கிருந்து மூன்றாவது வீடு" என்று வழி சொல்வது போன்றது. ஒரு புள்ளி என்றால் இப்போதுள்ள போல்டர். இரண்டு புள்ளிகள் என்றால் அதற்கு ஒரு படி மேலே உள்ள போல்டர். சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து இந்த வீடு மாறிவிடும். பாத் பிழைகளில் பெரும் பகுதி இந்த "இங்கிருந்து" என்ற சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது.

மெசேஜை முழுதாகப் படியுங்கள்

எர்ரர் மெசேஜில் ஐந்து விவரங்கள் இருக்கும். எந்தக் கட்டளை தோற்றது, அது எந்த பாத்தைத் தேடியது, ஏன் கிடைக்கவில்லை, எந்த ஸ்கிரிப்ட், எத்தனையாவது வரி. கடைசி இரண்டும் காணாமல் போன பைலைப் பற்றியவை அல்ல. அதைக் கூப்பிட்ட இடத்தைப் பற்றியவை. திருத்தம் அந்த வரியில்தான் தொடங்க வேண்டும்.

காரணத்தைக் கவனியுங்கள். "நோ சச் பைல் ஆர் டைரக்டரி" என்றால் முகவரி தவறு. "பெர்மிஷன் டினைட்" என்றால் முகவரி கிடைத்துவிட்டது, அனுமதிதான் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

இன்க்ளூட் கட்டளை தோற்றால் வார்னிங் கொடுத்துவிட்டு மீதிப் பக்கம் ஓடும். ரிக்வயர் தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள பைல் போன்ற அவசியமானவற்றுக்கு ரிக்வயர் பயன்படுத்துங்கள். பாதி ஓடிய பக்கம் தரும் குழப்பம் மிச்சமாகும்.

முதலில் எளிய காரணங்கள்

1. நோட்பேடில் டைப் செய்து செட்டிங்ஸ்.பிஎச்பி என்று சேவ் செய்திருப்பீர்கள். அது செட்டிங்ஸ்.பிஎச்பி.டிஎக்ஸ்டி என்று பதிவாகியிருக்கலாம். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டுவதால் உங்களுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனு சென்று (விண்டோஸ் 11 என்றால் வியூ, அதில் ஷோ) பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். உண்மைப் பெயர் தெரியும். இனி சேவ் செய்யும்போது சேவ் அஸ் டைப் கட்டத்தில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. பைல் மீது டபுள் கிளிக் செய்து பிரவுசரில் திறந்தால் பிஎச்பி ஓடாது. அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட்/கடை/இன்டெக்ஸ்.பிஎச்பி என்று டைப் செய்து வெப் சர்வர் வழியாகத் திறக்க வேண்டும்.

3. எஃப்ஓப்பன் கட்டளையில் டபிள்யூ என்று கொடுத்தால் இல்லாத பைலை பிஎச்பி உருவாக்கிக்கொள்ளும். ஆனால் இல்லாத போல்டரை உருவாக்காது. அப்போதும் இதே மெசேஜ்தான் வரும். எனவே போல்டரை முதலில் நீங்கள் உருவாக்குங்கள்.

பிஎச்பி எங்கே நின்று தேடுகிறது?

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. ஓர் உதாரணம் பார்ப்போம். கடை என்ற போல்டரில் இன்டெக்ஸ்.பிஎச்பி, செட்டிங்ஸ்.பிஎச்பி என இரண்டு பைல்கள் உள்ளன. அதற்குள் பகுதி என்று ஒரு போல்டர். அதில் மெனு.பிஎச்பி இருக்கிறது.

மெனு பைலுக்கு ஒரு படி மேலேதான் செட்டிங்ஸ் உள்ளது. எனவே மெனுவில் இன்க்ளூட் '../செட்டிங்ஸ்.பிஎச்பி' என்று எழுதுகிறீர்கள். மெனுவைத் தனியாகத் திறந்தால் ஓடுகிறது. இன்டெக்ஸ் பக்கம் மெனுவை இன்க்ளூட் செய்யும்போது எர்ரர் வருகிறது. ஏன்?

புள்ளியில் தொடங்கும் பாத்தை, அந்த வரி எழுதப்பட்டுள்ள பைலின் போல்டரிலிருந்து பிஎச்பி கணக்கிடுவதில்லை. ஒர்க்கிங் டைரக்டரி என்ற இடத்திலிருந்துதான் கணக்கிடும். வெப் சர்வர் வழியாக ஓடும்போது, பிரவுசர் நேரடியாகக் கேட்ட ஸ்கிரிப்டின் போல்டரே பொதுவாக ஒர்க்கிங் டைரக்டரி. இங்கே அது இன்டெக்ஸ் உள்ள கடை. அதற்கு ஒரு படி மேலே போனால் எச்டிடாக்ஸ். அங்கே செட்டிங்ஸ் இல்லை.

புள்ளியும் டிரைவ் பெயரும் இல்லாமல் வெறும் பெயரை இன்க்ளூடுக்குக் கொடுத்தால் வேறு விதி. முதலில் இன்க்ளூட் பாத் என்ற செட்டிங்கில் உள்ள போல்டர்கள், பிறகு அந்த வரி எழுதப்பட்ட பைலின் போல்டர், கடைசியில் ஒர்க்கிங் டைரக்டரி என்று தேடும். பைல் எக்ஸிஸ்ட்ஸ், எஃப்ஓப்பன் போன்ற கட்டளைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை ஒர்க்கிங் டைரக்டரியில் மட்டுமே தேடும். ஒரே பெயர் இன்க்ளூடில் வேலை செய்து, எஃப்ஓப்பனில் தோற்பதற்கு இதுவே காரணம்.

கமாண்ட் லைனில் ஓட்டினால் நீங்கள் எந்த போல்டரில் நின்று கட்டளை கொடுத்தீர்களோ அதுவே ஒர்க்கிங் டைரக்டரி. பகலில் பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட், இரவில் கிரான் மூலம் தானாக ஓடும்போது தோற்பதும் இதனால்தான்.

ஒரே வரியில் தீர்வு

எழுதப்பட்ட பைலின் போல்டரை அப்படியே தரும் ஒரு மாறிலி பிஎச்பியில் உள்ளது. பெரிய எழுத்தில் டி, ஐ, ஆர். முன்னே இரண்டு அடிக்கோடுகள், பின்னே இரண்டு அடிக்கோடுகள். 2009-ல் வந்த பிஎச்பி 5.3 முதல் இது உண்டு. மெனு பைலில் இப்படி எழுதுங்கள்:

ரிக்வயர் __டிர்__ . '/../செட்டிங்ஸ்.பிஎச்பி';

இப்போது மெனுவை யார் கூப்பிட்டாலும், எங்கிருந்து கூப்பிட்டாலும் பாத் மாறாது. மேற்கோள் குறிக்குள் முதலில் உள்ள சாய்வுக் கோட்டை விட்டுவிடாதீர்கள். மாறிலியின் முடிவில் சாய்வுக் கோடு இருக்காது. அதை விட்டுவிட்டால் போல்டர் பெயரும் பைல் பெயரும் ஒட்டிக்கொள்ளும். மெசேஜில் கடைசெட்டிங்ஸ்.பிஎச்பி என்பது போல ஒட்டிய பெயரைக் கண்டால் காரணம் இதுதான்.

சாய்வுக் கோடு செய்யும் வேலை

யூனிக்ஸ் போல்டர்களைப் பிரிக்க முன்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்தியது. 1983-ல் எம்எஸ்-டாஸ் 2.0 போல்டர்களைக் கொண்டுவந்தபோது, அந்தக் கோடு ஏற்கெனவே கட்டளைகளின் ஆப்ஷன்களுக்குப் பயன்பட்டு வந்ததால் பின்சாய்வுக் கோடு வந்தது. அது இன்றும் விண்டோஸில் தொடர்கிறது.

பிஎச்பியில் இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வுக் கோட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு. அடுத்து என் வந்தால் புதிய வரி, டி வந்தால் டேப். எக்ஸ் வந்தால் அதைத் தொடர்வதை ஹெக்ஸாடெசிமல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஸாம்ப் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள்: எக்ஸ், அடுத்து ஏ. ஹெக்ஸாடெசிமலில் ஏ என்றால் 10. பத்தாம் எண் கேரக்டர் புதிய வரி! ஆக, முழு பாத்தைச் சரியாக டைப் செய்தும் பெயர் நடுவில் உடைந்துபோகும். விண்டோஸிலும் பிஎச்பி முன்சாய்வுக் கோட்டை ஏற்றுக்கொள்ளும். அதையே எங்கும் பயன்படுத்துங்கள்.

வீட்டில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை

என் நண்பர் ஒருவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். மாணவர்களின் மதிப்பெண்களைப் பெற்றோர் பார்க்க ஒரு வெப்சைட் தயாரித்தார். வீட்டில் ஒழுங்காக ஓடியது. ரிசல்ட் அறிவித்த அன்று மாலை சர்வரில் ஏற்றினார்; வெற்றுப் பக்கம் வந்தது. பெற்றோர்களிடமிருந்து வரிசையாக போன். யாரோ சொன்னார்கள் என்று எல்லா போல்டர்களுக்கும் 777 பெர்மிஷன் கொடுத்தார். அப்போதும் வெற்றுப் பக்கம்தான்.

காரணம் ஒரே ஓர் எழுத்து. பைலின் பெயரில் முதல் எழுத்து பெரிய எச். ஸ்கிரிப்டில் சிறிய எச். விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே கருதும். பெரும்பாலான வெப் சர்வர்களில் உள்ள லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பைல்கள். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது என்ற பழக்கம் இருந்தால் இது வராது.

எழுத்தைத் திருத்தியதும் பக்கம் வந்துவிட்டது. அதோடு விட்டுவிடாமல் 777-ஐயும் மாற்றச் சொன்னேன். அந்த எண் சர்வரில் உள்ள எந்த யூசரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அனுமதிப்பது. மாணவர்களின் போன் எண்களும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் உள்ள இடத்தில் இது பூட்டைக் கழற்றிவைப்பதற்குச் சமம். பைல்களுக்கு 644, போல்டர்களுக்கு 755 என்பது வழக்கமான அளவு.

முழு பாத்தை ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாலும் சர்வரில் தோற்கும். அங்கே சி டிரைவ் கிடையாது. பல ஹோஸ்டிங் சர்வர்களில் உங்கள் பைல்கள் ஹோம் போல்டருக்குள், உங்கள் யூசர்நேம் போல்டரில், பப்ளிக்_எச்டிஎம்எல் என்பதற்குள் இருக்கும்.

பிரவுசரின் பாத் வேறு

எச்டிஎம்எல்லில் படத்துக்கு /படங்கள்/லோகோ.பிஎன்ஜி என்று கொடுத்தால், தொடக்கத்திலுள்ள கோடு வெப்சைட்டின் முகப்பைக் குறிக்கும். பிஎச்பியின் இன்க்ளூடில் அதே கோடு முழு டிஸ்க்கின் தொடக்கத்தைக் குறிக்கும். எனவே ஒன்றில் ஓடுவதை மற்றொன்றுக்குக் காப்பி செய்யாதீர்கள். படம் மட்டும் தெரியவில்லை என்றால் பிஎச்பி எர்ரர் எதுவும் வராது. பிரவுசரில் எஃப்12 கீயை அழுத்தி நெட்வொர்க் பகுதியில் 404 என்ற எண் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: டிஸ்ப்ளே எர்ரர்ஸ் என்ற செட்டிங் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆன் ஆக இருக்கட்டும். பொது சர்வரில் ஆப் செய்து, லாக் எர்ரர்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். எர்ரர் மெசேஜில் முழு பாத் இருக்கும். உங்கள் யூசர்நேமும் போல்டர் பெயர்களும் வருபவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் லாக் பைலைப் பார்க்க, ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி வரிசையில் உள்ள லாக்ஸ் பட்டனைக் கிளிக் செய்யலாம்.

இரண்டு: அட்ரஸ் பாரில் வரும் பெயரை அப்படியே இன்க்ளூடுக்குக் கொடுக்காதீர்கள். விஷமி ஒருவர் இரண்டு புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு மேலே ஏறி, உங்களின் வேறு பைல்களைத் தொட்டுவிடலாம். அனுமதிக்கும் பக்கங்களின் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் சேருங்கள்.

சோதிக்கும் வரிசை

அடுத்த முறை இந்த எர்ரர் வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. மெசேஜில் உள்ள பாத்தையும் காரணத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. தோற்ற வரிக்கு மேலே எக்கோ கெட்சிடபிள்யூடி(); என்று போடுங்கள். ஒர்க்கிங் டைரக்டரி எது என்று தெரியும்.

3. நீங்கள் கொடுத்த பாத்தை வார்_டம்ப்(ரியல்பாத்(...)); என்பதில் கொடுங்கள். பைல் இருந்தால் முழு பாத் வரும். கிடைக்காவிட்டால் பால்ஸ் என்று வரும்.

4. எக்ஸ்டென்ஷன், பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வுக் கோடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

5. டிர் மாறிலியைச் சேர்த்து எழுதுங்கள்.

6. சரியானதும் சோதனைக்காகப் போட்ட வரிகளை நீக்கிவிடுங்கள்.

பெரும்பாலும் மூன்றாவது படியைத் தாண்டுவதற்குள் தவறு பிடிபட்டுவிடும். அதுவரை ஸாம்ப்பின் அன்இன்ஸ்டால் பக்கம் போக வேண்டாம்.