கைத்திறனும் குடியேற்றமும்: மாநில அரசின் பரிந்துரையைப் பெறுவது எவ்வாறு?

ஓர் ஊருக்கு ஒரு தொழில் தேவைப்படும்பொழுது, அத்தொழிலை அறிந்தாரை அயலிலிருந்து வரவழைத்து இடமளிப்பது பண்டைய வழக்கம். இதற்கு மட்டாஞ்சேரியைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. கொச்சி மன்னர் வழங்கிய நிலத்தில், அரண்மனையை ஒட்டியே, 1568-ஆம் ஆண்டில் பரதேசி யூதர்கள் தங்கள் தொழுகைக் கூடத்தை எழுப்பினார்கள். கொங்கணிகளும் குஜராத்தி வணிகர்களும் இங்கே வந்து தங்கி, இவ்வூர் மக்களாகவே ஆயினர். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைத் துறையில் இன்றும் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரரின் படையுடைகளை வெளுப்பதற்கென்று தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது.

அந்த வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. அன்று மன்னரின் சொல்லால் நடந்தது, இன்று சட்டத்தாலும் சான்றிதழாலும் நடக்கின்றது. அதுவே வேறுபாடு. கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகள் பலர் இப்பொழுது ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் தொழில்வழிக் குடியேற்றம் நாடுகின்றனர். அவர்களுக்கு ‘மாநிலப் பரிந்துரை’ என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அதன் பொருள் யாது, அதற்குத் தகுதி எவ்வாறு அமைகிறது என்பதை ஆஸ்திரேலியாவை முதன்மையாகக் கொண்டு இங்கே காண்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மாநிலப் பரிந்துரை என்பது வேலை அன்று, விசாவும் அன்று. ‘இன்ன தொழிலறிந்த இவர் எங்கள் மாநிலத்துக்கு வேண்டியவர்’ என்று ஒரு மாநில அரசு நடுவண் அரசுக்கு எடுத்துரைப்பதே பரிந்துரை. விசா வழங்குவதும் மறுப்பதும் நடுவண் அரசின் கையிலேயே உள்ளன. இந்த வேறுபாட்டை அறியாமல், பரிந்துரைக் கடிதத்தையே விசா என்று எண்ணி வேலையை விட்டு விலகுவோர் துன்பத்துக்கு ஆளாவர்.

ஆஸ்திரேலியாவில் இவ்வகை விசாக்கள் இரண்டு. 190 என்னும் எண்ணுடையது நிலைத்த வாசம் தருவது; இதில் பரிந்துரைக்கு 5 புள்ளிகள் கூடுகின்றன. 491 என்னும் எண்ணுடையது 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது ஐந்தாண்டுக் காலத்துக்கு உரியது. இதில் பரிந்துரைக்கு 15 புள்ளிகள் கிடைக்கின்றன. பின்னதைப் பெற்றவர் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளில்தான் வாழ்ந்து பணிபுரிய வேண்டும். பெர்த், அடிலெய்டு போன்ற நகரங்களும் இப்பகுதிகளுள் அடங்கும் என்பதால், இது குக்கிராம வாசம் என்று அஞ்ச வேண்டியதில்லை. விதிகளைக் காத்து மூன்றாண்டுகள் வாழ்ந்து, அவ்வாண்டுகளுக்கான வருமானவரிச் சான்றுகளைக் காட்டுவோர் நிலைத்த வாசத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி, புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். விண்ணப்பத்துக்கு அழைக்கப்படும் நாளில் வயது 45-க்குக் குறைந்திருத்தல் வேண்டும். குறைந்தது 65 புள்ளிகள் தேவை. வயது 25 முதல் 32 வரை இருப்பின் 30 புள்ளிகள்; 33 முதல் 39 வரை 25; 40 முதல் 44 வரை 15. பட்டப் படிப்புக்கு 15, டிப்ளமாவுக்கு 10. அயல்நாட்டுத் தொழில் அனுபவம் மூன்றாண்டு நிறைந்தால் 5, ஐந்தாண்டு நிறைந்தால் 10, எட்டாண்டு நிறைந்தால் 15. ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதிகளிலும் 7 மதிப்பெண் பெற்றால் 10. 8 பெற்றால் 20.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மோட்டார் மெக்கானிக் தொழில் அறிந்த இளைஞர் ஒருவருக்கு வயது 30. மதிப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்ட டிப்ளமா உண்டு. ஐந்தாண்டு அனுபவம் உண்டு. ஆங்கிலத்தில் 7 உண்டு. முப்பதும் பத்தும் பத்தும் பத்துமாக 60 புள்ளிகள். திருமணமானவர், மனைவியின் பெயரால் புள்ளி ஏதும் இல்லை. தனித்து நின்றால் இவர் வாயிலையே எட்டமாட்டார். 190-க்கான பரிந்துரை கிடைத்தால் 65. 491-க்கானது கிடைத்தால் 75. மனைவியும் ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 6 பெற்றுவிட்டால் மேலும் 5 சேரும். இதனினும் நமக்கு மகிழ்வூட்டுவது ஒன்றுண்டு: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உரையாடலை மொழிபெயர்க்கும் தேர்வில் தேறினால் 5 புள்ளிகள் உண்டு. வீட்டில் தமிழைக் கைவிடாத குடும்பத்துக்கு அது கடல் கடந்தும் பயன் தருகிறது.

ஆயினும் 65 என்பது வாயிற்படி மட்டுமே. உள்ளே இடம் உறுதி என்று பொருளன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் இத்தனை இடங்கள் என்று நடுவண் அரசு ஒதுக்குகிறது. மாநிலங்கள் தத்தம் தேவைக்கேற்பத் தொழிற்பட்டியலை அமைத்துக்கொள்கின்றன. ஒரு மாநிலம் செவிலியரை நாடும். மற்றொன்று தச்சரையும் மின்பணியாளரையும் நாடும். ஆஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்குவதால், பட்டியல்களும் அதனை ஒட்டியே மாறுவதுண்டு. சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் சென்ற வழி இவ்வாண்டும் திறந்திருக்கும் என்று கொள்ளலாகாது. விதிகளை அந்தந்த அரசின் அதிகாரபூர்வமான தளத்திலேயே பார்த்தறிய வேண்டும்.

நடைமுறை இவ்வாறு செல்லும். முதற்படி, தொழிலுக்குரிய மதிப்பீட்டு நிறுவனத்திடம் திறனை மதிப்பிடச் செய்தல். பின்னர் ஆங்கிலத் தேர்வு. அதன்பின் நடுவண் அரசின் தளத்தில் விருப்ப மனுப் பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. அடுத்து, விரும்பிய மாநிலத்திடம் பரிந்துரை வேண்டுதல். பரிந்துரை கிடைத்தால் அழைப்பு வரும்; அழைப்பு வந்த 60 நாட்களுக்குள் விசா விண்ணப்பம் சேர வேண்டும்.

கனடாவிலும் மாகாண அரசுகள் இவ்வாறே பரிந்துரைக்கின்றன. அங்கு விரைவுப் பதிவு முறையில் மாகாணப் பரிந்துரைக்கு 600 புள்ளிகள் அளிக்கப்படுவதால், அதன் மதிப்பு இன்னும் பெரிது.

நம்மவர் தடுமாறும் இடம் புள்ளிக் கணக்கு அன்று, ஆதாரமே. கடைத்தெருவிலும் பட்டறையிலும் பத்தாண்டு உழைத்தவர் பலரிடம் அதைக் காட்ட ஒரு தாளும் இல்லை. ஊதியம் ரொக்கமாக வருகிறது. கடிதம் கேட்டால் முதலாளி தயங்குகிறார். வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊதியத்துக்குச் செய்த பணியே அனுபவமாகக் கொள்ளப்படும். தந்தையின் பட்டறையில் கூலியின்றிக் கற்ற தொழில் எத்துணைச் சிறந்ததாயினும் கணக்கில் வாராது. சில மதிப்பீட்டு நிறுவனங்கள் தொடக்க ஆண்டுகளைப் பயிற்சிக் காலமென்று கழித்துவிடுவதும் உண்டு. ஆகவே, அயல்நாட்டு எண்ணம் உடைய இளைஞர் இன்றே ஊதியத்தை வங்கிவழிப் பெறத் தொடங்குதல் நலம். பணியின் பெயர், கடமைகள், தொடங்கிய நாள், வார நேரம் ஆகியவற்றைக் குறித்த கடிதத்தை வேலையை விட்டு விலகும்பொழுதே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயரும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். கேரளத்து ஆவணத்தில் பெரும்பாலும் பின்னே நிற்கும். கடவுச்சீட்டில் விரிந்து நிற்கும். மூன்றும் ஒருவரையே குறிப்பன என்று அயல்நாட்டு அலுவலருக்குத் தெரியாது. கடவுச்சீட்டில் உள்ளவாறே பிற ஆவணங்களையும் காலத்தோடு திருத்திக்கொள்ள வேண்டும். தமிழிலோ மலையாளத்திலோ உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை.

எல்லாத் தொழிலுக்கும் இவ்வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமை தூக்குவோருக்கும் துணி வெளுப்போருக்கும் இப்பட்டியல்களில் இடமில்லை. வெளியில் தலைமுறைகளாக வாழும் திறமையை எந்தப் புள்ளிக் கணக்கும் அளப்பதில்லை. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை மின்பணியோ செவிலியமோ முறையாகக் கற்றுச் சான்று பெற்றால்தான் இவ்வாயில் திறக்கும். இதனை அறியாமல் வீட்டை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கொடுப்பது பெரும் பிழை. பரிந்துரையை விலைக்கு விற்க எவருக்கும் உரிமை இல்லை. வேலை வாங்கித் தருவதாகக் கூறும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டறிய வேண்டும். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸும், சென்னையில் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அயல்நாட்டுப் பணி நாடுவோருக்கென அமைந்த அரசு நிறுவனங்களாகும்.

இறுதியாக ஒன்று. பரிந்துரை என்பது ஒருவகை வாக்குறுதி. 190 விசாவுக்குப் பரிந்துரைக்கும் மாநிலங்கள், வருவோர் இரண்டாண்டேனும் தங்களிடம் தங்கிப் பணிபுரிய வேண்டுமென்று வழக்கமாக உறுதி கேட்கின்றன. அழைத்த ஊருக்கு உழைத்து, அவ்வூராராகவே வாழ்ந்த நம் முன்னோரின் பண்பும் அதுவே. உரிய சான்றுகளோடும் உண்மையோடும் முயல்வோர்க்கு வழி பிறக்கும்.