மூங்கில் அல்லாத மூங்கில்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அருவியையும், 1967-ஆம் வருஷம் ஏற்பட்ட மிருகக்காட்சிச் சாலையையும் பார்க்க ஜனங்கள் அங்கே போகிறார்கள். சில காலத்துக்கு முன் நாமும் குடும்ப சகிதமாய்ப் போயிருந்தோம். மூங்கில் புதர் ஒன்றைக் கண்டதும் நம் தங்கை நின்றுவிட்டாள்.

"அண்ணா! கூடத்து மேஜைமேல் கண்ணாடிக் குவளையில் வைத்திருக்கிறோமே, அதிர்ஷ்ட மூங்கில், அதுவும் இந்த ஜாதிதானே? இதில் ஒரு கிளையை ஒடித்துப்போய்த் தண்ணீரில் வைத்தால் காசு மிச்சமாகுமே?" என்றாள்.

காட்டிலாகாவின் சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். ஜவ்வாது மலையில் வளரும் கல்மூங்கிலும் முள்மூங்கிலும் புல் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கிளையை ஒடித்து ஜலத்தில் வைத்தால் சீக்கிரமே இலை சுருண்டு போகும். கடையில் விற்கும் 'அதிர்ஷ்ட மூங்கிலோ' மூங்கிலே அல்ல. டிரசீனா என்னும் செடிக் குலத்தில் ஒன்று அது. பிறந்தகம் மத்திய ஆப்பிரிக்கா. அதிர்ஷ்டத்தை அதன் தலையில் ஏற்றியவர்கள் சீனர்கள். ஆப்பிரிக்கச் செடி, சீனத்து அதிர்ஷ்டம், தமிழ்நாட்டுத் தண்ணீர்! இந்த மூன்றாவதில்தான் சங்கடமெல்லாம் வருகிறது.

இச்செடிக்குக் குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆகாது. ஜலத்தை அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு வைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். கொசு அண்டாதபடி மேலே மெல்லிய துணியைக் கட்டிவைப்பது நலம். புளோரைடு என்னும் உப்போ அப்படிப் போவதில்லை, காய்ச்சினாலும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் இது மிகுதி. இலை நுனி பழுத்துக் கருகினால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். மழை ஜலம் உத்தமம். வேர் மூழ்கும் அளவு ஊற்றினால் போதும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். உரம் இரண்டு மாதத்துக்கு ஒரு துளி, அதுவும் நன்றாய்க் கரைத்து. அன்பு மிகுதியால் அதிகம் ஊற்றினால் தண்டு மஞ்சளாகும். மஞ்சளான தண்டு மறுபடி பச்சையாவதில்லை. மற்றவற்றையும் கெடுக்குமுன் எடுத்துவிட வேண்டியதுதான். வேர் செம்மஞ்சளாய் இருப்பதைக் கண்டு சிலர் அழுகிவிட்டதென்று பயப்படுகிறார்கள். அது அதன் இயல்பான நிறமே. கொழகொழத்து நாற்றமெடுத்தால்தான் அழுகல்.

செடி போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். குவளையில் வளரக்கூடிய இன்னொன்றுதான் பெரிய ஆபத்து. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட தேங்கிய நல்ல தண்ணீர் மிகவும் பிரியம். 2001-ஆம் வருஷம் தென் சீனத்திலிருந்து தண்ணீரோடு கப்பலேறிய அதிர்ஷ்ட மூங்கிலுடன் ஆசியப் புலிக்கொசுவும் கலிபோர்னியாவில் போய் இறங்கியது. அதன்பின் தேங்கிய ஜலத்தில் வைத்து இச்செடியைக் கொண்டுவர அமெரிக்கர் தடை விதித்தார்கள். சில வருஷங்கள் கழித்து நெதர்லாந்தின் கண்ணாடிச் செடிவீடுகளிலும் அதே விருந்தாளி காணப்பட்டது.

முட்டை கொசுவாகச் சுமார் எட்டுப் பத்து நாள் ஆகும். வெயில் காலத்தில் இன்னும் சுருக்கம். ஆகையால் வாரம் ஒரு முறை தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. இதைத்தான் பலர் அறியார். ஏடிஸின் முட்டைகள் நீர்மட்டத்துக்கு அருகே குவளையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி ஜலம் பட்டதும் பொரித்துவிடும். நாரை எடுத்து உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கூழாங்கற்களையும் ஒவ்வொன்றாய்க் கழுவ வேண்டும். பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டுவது நல்லது.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் செடி அவற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், தின்றால் வாந்தியெடுக்கும்.

ஊர் திரும்பியதும் தங்கை குவளையைக் கவிழ்த்துப் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் வரிசையாய் ஒட்டியிருந்தன. ஒன்றும் பேசாமல் தேங்காய் நாரைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.