ஒன்பது மக்களின் தாய்

புகழ்பெற்ற மைந்தரை ஈன்ற தாயரை உலகம் போற்றுகின்றது. அவர்தம் உள்ளத்தில் உறைந்த துயரை அறிந்தோர் சிலரே. ஐக்கிய அமெரிக்காவின் 35ஆவது சனாதிபதியாக விளங்கிய யோன் கெனடியின் அன்னை றோஸ் அம்மையார் அத்தகைய தாயருள் ஒருவர். 1890ஆம் ஆண்டிற் பிறந்து, 104 ஆண்டுகள் வாழ்ந்து, 1995இல் மறைந்த இக்கத்தோலிக்க மூதாட்டியின் வாழ்வு இல்லறத்தார் யாவரும் சிந்திக்கத்தக்கது.

அயர்லாந்திலிருந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல் இவர். பொஸ்ரன் நகரில் அம்மக்கள் இழிவாக நோக்கப்பட்ட காலமும் உண்டு. எனினும் இவருடைய தந்தையார் அந்நகரின் மேயராக உயர்ந்தார். 1914இல் யோசப் கெனடியை மணந்த அம்மையார், ஆண்மக்கள் நால்வரும் பெண்மக்கள் ஐவருமாக ஒன்பதின்மரைப் பெற்றார். வீட்டிலே செல்வம் பெருகிற்று, பணியாளரும் இருந்தனர். ஆயினும் பிள்ளை வளர்ப்பை அவர் பிறர் கையில் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வைத்து, கண்ட நோய், இட்ட தடுப்பூசி, உடல் நிறை ஆகியவற்றைக் குறித்து வந்தார். உலாவச் செல்லும்போது பிள்ளைகளைத் தேவாலயத்துக்குள்ளும் அழைத்துச் செல்வார். வழிபாடு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் உணரவேண்டுமென்பது அவர் கருத்து.

அப்பிள்ளைகளுள் நால்வரை அவர் இளமையிலேயே இழக்க நேர்ந்தது. மூத்த மைந்தர் 1944இல், போர்க்காலப் பணியின்போது விமானம் வெடித்து மாண்டார். மகள் கத்லீன் 1948இல் விமான விபத்தில் இறந்தார். யோன் 1963இலும் றொபேட் 1968இலும் கொலைஞரின் குண்டுக்கு இரையாயினர். இத்தனை இடரிலும் அம்மையார் பூசை காண்பதையும் செபமாலை சொல்வதையும் கைவிட்டாரல்லர்.

மூத்த மகள் றோஸ்மேரியின் கதை வேறு வகையான துயரமாகும். 1918இற் பிறந்த அவர் அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியிருந்தார். 1941இல் தந்தையாரின் முடிவின்படி அவருக்கு மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. விளைவு விபரீதமாயிற்று, பேச்சும் நடையும் பெரிதும் குன்றின. பின்னர் விஸ்கொன்சின் மாநிலத்தில், கன்னியர் நடத்திய இல்லமொன்றில் நெடுங்காலம் வாழ்ந்து 2005இல் மறைந்தார். குடும்பத்தாரோ அவர் நிலையை ஊரறியச் சொல்லாது பல்லாண்டு மௌனம் காத்தனர். ஒவ்வொரு பிள்ளையின் காய்ச்சலையும் அட்டையிற் குறித்த வீட்டிலேயே இவ்வாறு நிகழ்ந்தது.

அம்மௌனத்தைக் கலைத்தவர் தங்கை யூனிஸ். 1962இல் அவர் தமக்கையின் நிலையைச் சஞ்சிகை ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டில் அத்தகைய பிள்ளைகளுக்காகத் தமது வீட்டு வளவிலே கோடைகால முகாமொன்றையும் தொடங்கினார். 1968 யூலையில், றொபேட் மறைந்து இரு மாதம் நிறையுமுன், சிக்காகோ நகரில் முதலாவது விசேட ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. சுமார் 1,000 பேர் அதிற் பங்குகொண்டனர். அவ்வியக்கம் இன்று இலங்கையிலும் உண்டு. 1974இல் வெளியான தமது நினைவு நூலில் அன்னையும் இம்மகளைப்பற்றி எழுதினார்.

நம்மவர் இல்லங்களிலும் விருந்தினர் வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இல்லையா? திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என்றஞ்சி, உடன்பிறப்பின் பெயரையே சொல்லாது விடுவோர் இல்லையா? செல்வமும் பதவியும் பக்தியும் நிறைந்த குடும்பத்துக்கே உண்மையைச் சொல்ல இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. நாம் அத்துணைக் காலம் தாழ்த்த வேண்டியதில்லை. அப்பிள்ளைகளையும் முன்விறாந்தைக்கு அழைத்து, வந்தோர்க்குப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வோமாக.