எழுத்தும் எண்வடிவமும்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டென்பது தமிழிலக்கணம் பயில்வோர் யாவரும் அறிந்ததொன்று. கணினி தோன்றியபின் எண்வடிவம் என மூன்றாவதொன்றும் இவற்றோடு சேர்ந்துள்ளது. கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பது எழுத்தன்று. எழுத்துக்கு ஈடாகக் குறிக்கப்பட்ட எண்ணேயாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தால் விளையும் கேடுகள் பல. பைதன் என்னும் செய்நிரல் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்ட நிரல்களை மூன்றாம் பதிப்புக்கு மாற்றுமிடத்து இம்மயக்கம் நன்கு வெளிப்படுகின்றது.

மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான பேணுகை 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. முன்னைய பதிப்பிற் 'சரம்' எனப்பட்டது உண்மையில் பைற்றுகளின் வரிசையே. எழுத்துகளின் வரிசைக்கு 'யுனிக்கோட்' என வேறொரு வகை இருந்தது. இவ்விரண்டும் ஒரு தொடரிற் கலக்குமாயின், 128 குறிகளே கொண்ட ஆஸ்கி முறையைக் கொண்டு மொழி தானாகவே ஒன்றை மற்றொன்றாக மாற்ற முயலும். ஆங்கிலப் பெயர்களுக்கு இம்முயற்சி தடையின்றி நிறைவேறும். தமிழெழுத்து ஒன்று வந்தவுடன் நிரல் வழுக்காட்டி நின்றுவிடும். ஆங்கிலப் பெயரைக் கொண்டு சோதித்து நன்றெனக் கண்ட நிரல் தமிழ்ப் பெயரிற் பிழைத்தமைக்குக் காரணம் இதுவே.

மூன்றாம் பதிப்பு இவற்றை முற்றாகப் பிரித்தது. சரம் என்பது எழுத்துக் குறிகளின் வரிசை. பைற்று வரிசை வேறு. இரண்டையும் இணைக்க முயன்றால் வழு உடனே தோன்றும். ஆயினும், இரண்டையும் ஒப்பிடுமிடத்து வழு தோன்றாது. 'சமமன்று' என்னும் விடையே வரும். மாணவர் பெயர்ப் பட்டியல் பைற்றுகளாகவும், தேடும் பெயர் சரமாகவும் இருப்பின், பட்டியலில் உள்ள மாணவனை நிரல் இல்லையென்று கூறும். உரத்துக் கூறும் வழுவினும் இவ்வாறு வாளாதிருக்கும் வழுவே கொடியது.

'பண்டத்தரிப்பு' என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்க. யூ.ரி.எவ்-8 முறையில் எழுதிய இப்பெயரின் நீளம், இரண்டாம் பதிப்பின் சரவகைப்படி 39; மூன்றாம் பதிப்பின்படி 13; தமிழிலக்கணப்படி 8. முதலாவது பைற்றுகளின் தொகை. அடுத்தது ஒருங்குறிக் குறிகளின் தொகை. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்றுகள் வேண்டும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். இப்பெயரின் முதல் ஐந்து குறிகளை மட்டும் எடுத்தால் 'பண்டத' என நின்று, தகரமெய் புள்ளியிழந்து உயிர்மெய்யாகிவிடுகின்றது. ஆகவே புதிய பதிப்புக்கு மாறிய அளவிலே தமிழ்ச் சிக்கல் தீர்ந்ததாகாது. எழுத்தை எழுத்தாக எண்ணுதற்கு 'ஓப்பன்-தமிழ்' போன்ற நிரற்றொகுதி துணைசெய்யும். இன்னும், 'கொ' என்பதை ககரத்தோடு ஒரு குறி சேர்த்தும், கொம்பும் காலுமாக இரு குறி சேர்த்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் நிரலுக்கு அவை இரண்டு. ஒப்பிடுமுன் அவற்றை ஒருநிலைப்படுத்தல் இன்றியமையாதது.

பழைய ஆவணங்களில் வேறோர் இடர் உண்டு. யாழ்ப்பாணத்திற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படும். அதனைப் புதிய பதிப்பு எவ்வழுவுமின்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் அங்கே தமிழ் இராது. இணையத்தில் வழங்கிய தஸ்கி முறையிலும், பாமினியிலும் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியிலோ பின்னே நிற்கும். ஆதலின் குறிக்குக் குறி மாற்றுதல் மட்டும் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும்.

இவ்விடர்களைத் தவிர்க்கும் நெறி எளிது. கோப்பிலிருந்து பைற்றுகள் உள்ளே வரும் வாயிலிலேயே, அவை எம்முறையில் எழுதப்பட்டவை என்பதை வெளிப்படக் கூறி எழுத்தாக்குக. நிரலின் உள்ளே எழுத்தையே கையாளுக. வெளியேறும் வாயிலில் மீண்டும் பைற்றாக்குக. கொம்பும் புள்ளியும் பொருந்திய தமிழ்ப் பெயர்களைக் கொண்டே சோதிக்க. மூலப்படியை அழியாது காக்க.

பழைய ஏடுகளிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் அவற்றில் விளங்காது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பதிப்பாசிரியர்கள் அவ்வேடுகளிலிருந்து செம்மையான பாடத்தைக் காண்டற்குப் பட்ட பாடு சிறிதன்று. கணினியில் தமிழைப் பெயர்த்தெழுதுவோரும் ஒருவகையில் ஏடு பெயர்த்தெழுதுவோரே. இன்று கவனமின்றி இழக்கப்படும் ஒரு புள்ளியை நாளை எவரேனும் ஊகித்தறிய வேண்டிவரும். உயர்தர வகுப்பிற் பைதன் பயிலும் மாணவர் இப்பொறுப்பை உணர்ந்து நிரல் எழுதுவாராயின், அப்பாடு பின்வருவோர்க்கு நேராது.